விழப்போற பல்லுதானே...

நம்ம வீடுகள்ல தெனமும் சொல்ற பொய்கள்ல மொத இடம் "இதோ அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்". ரெண்டாவது இடம் "விழப்போற பல்லுதானே". மொதப் பொய்யால யாருக்கும் கன்னம் வீங்கினது இல்ல. ரெண்டாவது பொய்யால வீங்கும். போன மாசம் கண்ணால பாத்தேன்.

ஆணி ஜாஸ்தியா இருந்ததால ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்கிறானேன்னு நினைக்காதீங்க மக்களே. திட்டு வாங்க வேண்டியவங்க லிஸ்ட்ல மொத ஆளே நான்தான். எப்படின்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க. (சக்கரை கம்மியா. ஏன்னு கீழ வரும்.)

அக்கா பொண்ணுக்கு 5 வயசு. நாமக்கல் பக்கம் எங்க குலதெய்வம் கோயில்ல காதுகுத்து வெச்சிருந்தாங்க. தாய்மாமன் நான். என் மடியில உக்கார வெச்சுத்தான் மொட்டை அடிச்சு காது குத்தணும். சீர், தோடு, பட்டுப்பாவாடை எல்லாம் வாங்கிட்டு ரெண்டு நாள் முன்னாடியே ஊருக்குப் போயாச்சு. முந்தின நாள் ராத்திரி 11 மணி இருக்கும், அக்கா வந்து எழுப்பினா.

"டேய், பாப்பா மூஞ்சிய வந்து பாருடா."

வலது கன்னம் எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீங்கிப் போயிருந்துச்சு. உடம்பு அனலா கொதிக்குது. வாயைத் திறக்கச் சொன்னா அழுவுறா. அந்த நேரத்துல காரை எடுத்துட்டு டவுனுக்குப் போயி, ஒரு ஆஸ்பத்திரில காட்டினோம். டூட்டி டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "பல்லுல சீழ் கட்டியிருக்கு. இப்போதைக்கு ஆன்டிபயாடிக் தர்றேன். வீக்கம் தாடைக்குக் கீழ இறங்கினாலோ, முழுங்க முடியலைன்னாலோ, மூச்சு விட சிரமப்பட்டாலோ ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம தூக்கிட்டு வாங்க"ன்னாரு. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எங்க யாருக்கும் தூக்கம் வரல. கீழ்த்தாடை கடவாய்ப் பல்லுல ஆரம்பிக்கிற சீழ் நாக்குக்கு அடியில பரவி மூச்சுக்குழாயையே அடைக்கலாம்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பல்லு வலி உயிருக்கே உலை வைக்கும்னு யாராவது முன்னாடி சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்.

மறுநாள் காதுகுத்து நடந்துச்சு. சொந்தபந்தம் எல்லாம் வந்தாச்சு, ஆடு வெட்டியாச்சு, தேதி மாத்த முடியுமா? ஆல்பத்துல பாத்தீங்கன்னா என் மடியில ஒரு பக்கக் கன்னம் உப்பிப்போன மொட்டைக் குழந்தை ஒண்ணு உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கும். காது குத்தினதுக்கு அழுவுறான்னு பாக்குறவங்க நினைச்சுப்பாங்க.

இதுல என் கோவம் எதுலன்னா, அந்தப் பல்லு ராத்திரியோட ராத்திரியா சொத்தை ஆகல. ஒரு வருஷமா ஓட்டை இருந்துச்சு. அக்கா பாத்திருக்கா. மச்சான் பாத்திருக்காரு. அம்மா பாத்துட்டு கிராம்புத் தைலம் வெச்சு விட்டிருக்காங்க. தீபாவளிக்குப் போனப்ப நானும் பாத்தேன். "மாமா, இந்தப் பக்கம் கடிச்சா வலிக்குது"ன்னு எங்கிட்டயே சொன்னா. நான் என்ன சொன்னேன்?

"விழப்போற பல்லுதானே கண்ணு, விழுந்துட்டு புதுசா முளைக்கும்."

சொல்லிட்டு ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்தேன். அன்பான தாய்மாமன்.

கணக்கு போடுவோம்

இந்த வாக்கியம் எப்படித் தப்புன்னு பாப்போம். பால் பல் மொத்தம் 20. அதுல முன்னாடி இருக்குற வெட்டுப் பற்கள் 6, 7 வயசுல விழ ஆரம்பிக்கும். நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்குறது அதுதான். ஓட்டைப் பல்லோட ஸ்கூல் போட்டோ, கூரை மேல பல்லைத் தூக்கிப் போட்டது எல்லாம் அந்த வயசு. அதனால எல்லாப் பால் பல்லும் அப்பவே விழுந்துடும்னு ஒரு நினைப்பு. பின்னாடி இருக்குற பால் கடவாய்ப் பற்கள் விழறது ஏறக்குறைய 9 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும்.

4 வயசுல ஒரு கடவாய்ப் பல்லுல ஓட்டை விழுந்தா, அந்தப் பல்லை வெச்சுக்கிட்டுத்தான் அந்தக் குழந்தை இன்னும் 6, 7 வருஷம் சோறு மெல்லணும். அதாவது அஞ்சாங்கிளாஸ் முடிக்கிற வரைக்கும். நம்ம வண்டியில டயர் பஞ்சர்னா "எப்படியும் 7 வருஷத்துல மாத்தப்போற டயர்தானே"ன்னு ஓட்டிக்கிட்டே இருப்போமா? ஏன், சாகப்போற உடம்புதானேன்னு ஜுரத்துக்கு மாத்திரை போடாம இருக்கோமா?

அடுத்தது, பால் பல்லோட எனாமல் பெரியவங்க பல்லுல இருக்குறதுல பாதி கனம்தான் இருக்கும். உள்ள இருக்குற நரம்புக்கூழோ பல்லு சைஸுக்குப் பாத்தா பெருசு. அதனால நம்ம பல்லுல ரெண்டு வருஷம் எடுத்துக்குற சொத்தை, குழந்தை பல்லுல சில மாசத்துலயே நரம்பைத் தொட்டுடும். "அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடறதுக்கு நேரமே கிடையாது.

மூணாவது, ஒவ்வொரு பால் பல்லுக்கும் அடியிலயும் நிரந்தரப் பல்லோட மொட்டு எலும்புக்குள்ள வளர்ந்துக்கிட்டு இருக்கு. மேல சீழ் கட்டினா கீழ இருக்குற அந்த மொட்டையும் அது பாதிக்கலாம். அப்புறம் வர்ற பல்லு கறையோட, குழியோட முளைக்கும். "புதுசா முளைக்கும்"னு சொன்னோமே, அந்தப் புதுசே பழுதோட வரும்.

நாலாவது, பால் பல்லு அடுத்து வரப்போற பல்லுக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கு. பஸ் சீட்டுல துண்டு போட்டு வைக்கிற மாதிரி. துண்டை சீக்கிரமே எடுத்துட்டா பக்கத்து ஆளு நகர்ந்து உக்காந்துடுவாரு. பல்லும் அப்படித்தான். அப்புறம் உரிமையாளர் வரும்போது எடம் இல்லாம கோணல்மாணலா முளைக்கும். 13 வயசுல கம்பி கட்டப் போறப்ப அப்பாக்கள் எல்லாம் "எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி இல்லையே"ன்னு அங்கலாய்ப்பாங்க.

என் கதை

இந்த வாக்கியம் எனக்குப் பண்ணின நல்லதையும் சொல்லிடறேன்.

6 வயசு வாக்குல, பால் பற்களுக்கெல்லாம் பின்னாடி ஒரு பெரிய கடவாய்ப் பல்லு முளைக்கும். மேல 2, கீழ 2, மொத்தம் 4. இது எந்தப் பால் பல்லும் விழாம, சத்தமே இல்லாம, வாய்க்குக் கடைசில வர்றதால பெத்தவங்க நிறைய பேருக்கு வந்ததே தெரியாது. தெரிஞ்சாலும் பால் பல்லுன்னே நினைச்சுக்குவாங்க. உண்மையில அது நிரந்தரப் பல். சாகுற வரைக்கும் அதுதான். அதுக்கப்புறம் அந்த எடத்துல வேற எதுவும் முளைக்காது.

எனக்கு எட்டாவது படிக்கும்போது கீழ் வரிசையில அந்தப் பல்லுல சொத்தை. ரெண்டு வருஷமா வலிச்சப்பல்லாம் "பால் பல்லுதான், விழுந்துடும்"னாங்க. அப்புறம் ஒரு நாள் தாங்க முடியாம போனப்ப புடுங்கியாச்சு. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாங்க, "கவலைப்படாத, முளைக்கும்."

நானும் கண்ணாடி முன்னாடி வாயைப் பொளந்து பாத்துக்கிட்டே இருந்தேன். பத்தாவது முடிஞ்சுது, முளைக்கல. பன்னெண்டாவது முடிஞ்சுது, முளைக்கல. இஞ்சினியரிங் முடிச்சு வேலைக்குச் சேர்ந்தாச்சு. இன்னும் முளைக்கல :-)

பின்னாடி இருந்த பல்லு அந்தக் காலி எடத்தைப் பாத்து சாஞ்சு போச்சு. மேல் வரிசையில நேர் எதுக்க இருந்த பல்லு, கடிக்க ஆளு இல்லாததால கீழ இறங்கி வந்துடுச்சு. ஒரு பல்லு போனா மூணு பல்லு கெடும்ங்கறது எனக்குப் பாடமா இல்ல, வாயாவே இருக்கு. இப்ப இம்ப்ளான்ட் வைக்கணும்னா இறங்கின பல்லையும் சாஞ்ச பல்லையும் மொதல்ல சரி பண்ணணும். ஒரு சின்ன ஓட்டையை அன்னிக்கு அடைச்சிருந்தா அரை மணி நேர வேலை.

அம்மாவைக் குத்தம் சொல்லல. அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. எனக்கு என்ன கேடு? கைல போனு, போன்ல இன்டர்நெட்டு, வாயில அந்த ஓட்டை. இத்தனையும் இருந்தும் அதே வாக்கியத்தைத்தானே அந்தக் குழந்தைக்கும் சொன்னேன்?

சாக்லேட்டும் பிஸ்கட்டும்

"சாக்லேட் சாப்பிட்டா பல்லு சொத்தை ஆகும்"ங்கறது எல்லாருக்கும் தெரியும். எத்தனை சாப்பிடுறோம்ங்கறதை விட எத்தனை தடவை சாப்பிடுறோம்ங்கறதுதான் முக்கியம்ங்கறது பல பேருக்குத் தெரியாது. வாயில இருக்குற கிருமி சக்கரையைத் தின்னு அமிலம் விடும். ஒவ்வொரு தடவை இனிப்பு வாய்க்குள்ள போனதும் அந்த அமிலம் அரை மணி நேரம் போல எனாமலை அரிச்சுக்கிட்டு இருக்கும். அப்புறம் எச்சில் வந்து கழுவி, சரி பண்ணும். ஒரே நேரத்துல 5 மிட்டாய் தின்னா ஒரு தாக்குதல். மணிக்கு ஒண்ணா 5 மிட்டாய் தின்னா அஞ்சு தாக்குதல், நடுவுல எச்சிலுக்கு நேரமே இல்ல.

இதைக் கண்டுபுடிச்ச கதை கொடுமையானது. ஸ்வீடன்ல லுண்ட் ஊர்ல விப்பேஹோல்ம்னு மனவளர்ச்சி குன்றியவங்களுக்கான காப்பகம் இருந்துச்சு. 1940களோட கடைசியில அங்க இருந்தவங்களை வெச்சே, பல்லுல ஒட்டிக்கிற டாஃபி விதவிதமா கொடுத்து, யாருக்கு எவ்வளவு சொத்தை வருதுன்னு ஆராய்ச்சி பண்ணினாங்க. முடியாதுன்னு சொல்லத் தெரியாத மனுஷங்க மேல பண்ணின அநியாயம் அது. 1954ல முடிவு வெளியாச்சு. சாப்பாட்டோட சேர்த்து சக்கரை எடுத்துக்கிட்டவங்களுக்கு சொத்தை பெருசா கூடல. சாப்பாட்டுக்கு நடுவுல ஒட்டுற மிட்டாயைத் தின்னவங்களுக்குத்தான் பல்லு பல்லா போச்சு. அதுக்கப்புறம் அந்த ஊர் வீடுகள்ல பிள்ளைகளுக்கு சனிக்கிழமை மட்டும் மிட்டாய்னு ஒரு பழக்கமே வந்துடுச்சு.

அத்தனை பேரோட பல்லைக் காவு கொடுத்துக் கிடைச்ச பாடம். நம்ம வீட்ல நடக்குறது என்ன? காலைல சக்கரை போட்ட பால். ஸ்கூல் இடைவேளைல க்ரீம் பிஸ்கட். சாயங்காலம் வந்ததும் ரஸ்க்கு. டிவி முன்னாடி சிப்ஸ். (உப்பாத்தானே இருக்குன்னு நினைக்காதீங்க, அந்த மாவும் பல்லுல அப்பிக்கிட்டு சக்கரையாத்தான் மாறும்.) தாத்தா கடைக்குப் போயிட்டு வந்தா ஒரு மிட்டாய். ராத்திரி படுக்கும்போது சத்து பவுடர் கலந்த பால். அதோட வாயும் கொப்பளிக்காம தூக்கம். தூங்கும்போது எச்சில் ரொம்பக் கம்மியாத்தான் சுரக்கும். அந்தச் சக்கரைக்கு ராத்திரி முழுக்கக் கேள்வி கேக்க ஆளில்ல. இன்னும் பால் பாட்டிலை வாயில வெச்சுக்கிட்டே தூங்குற குழந்தைகளுக்கு மேல் வரிசை முன்பல்லு நாலும் கறுத்து உதிர்றதைப் பாத்திருப்பீங்க. அதுக்கும் நாம ஒரு பேரு வெச்சிருக்கோம், "பூச்சிப் பல்லு". பூச்சி எதுவும் இல்லீங்க. அந்தப் பூச்சிக்குத் தீனி போட்டது நாமதான்.

எதிர்க்கட்சி வாதங்கள்

இந்த விஷயத்தை வீட்ல பேசினதும் வந்த பதில்களை அப்படியே போடறேன். உங்க வீட்லயும் இதேதான் வரும்.

"எங்க காலத்துல பேஸ்ட் ஏது, பிரஷ் ஏது? வேப்பங்குச்சிலயே கல்லு மாதிரி இருந்துச்சு பல்லு."

அப்படியா? எங்க அப்புச்சி வீட்ல ஒரு குட்டி வெத்தலை உரல் இருந்துச்சு. சாயங்காலம் ஆனா திண்ணையில உக்காந்து டொக்கு டொக்குன்னு இடிப்பாரு. 32 பல்லும் கல்லு மாதிரி இருந்தவருக்கு அந்த உரல் எதுக்குங்க? பொக்கை வாய் தாத்தாங்கறது நமக்கெல்லாம் அவ்ளோ சாதாரணமா போச்சு. அவங்க சின்ன வயசுல க்ரீம் பிஸ்கட்டும் இல்ல, பாக்கெட் ஜூஸும் இல்ல. வேப்பங்குச்சியைத் திருப்பிக் கொண்டு வர்றவங்க அந்தச் சாப்பாட்டையும் சேர்த்துத் திருப்பிக் கொண்டு வரணும்.

"மேல் பல்லை எடுத்தா கண்ணு போயிடும்."

பார்வைக்குப் போற நரம்பு, மூளையில இருந்து கிளம்புற நரம்புகள்ல ரெண்டாவது. பல்லுக்குப் போறது அஞ்சாவது. ரெண்டும் வேற வேற லைன். பல்லு புடுங்கினா பார்வை போகாது. பயந்துக்கிட்டு சீழோட வெச்சிருக்குறதுதான் ஆபத்து.

"க்ளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சுடும்."

ஏற்கெனவே ஈறு கரைஞ்சு ஆடற பல்லை, நடுவுல அப்பியிருக்குற காரை சிமெண்ட் மாதிரி புடிச்சு வெச்சிருக்கு. காரையை எடுத்ததும் உண்மை தெரியுது. ஆட வெச்சது அந்தக் காரை, பழி டாக்டருக்கு.

"வலி நின்னுடுச்சு, சரியாப் போச்சு."

இது எல்லாத்தையும் விட மோசம். நாள் கணக்கா உயிர் போற மாதிரி வலிச்ச பல்லு திடீர்னு அமைதியாச்சுன்னா பெரும்பாலும் உள்ள நரம்பு செத்துப் போச்சுன்னு அர்த்தம். கிருமி அங்கயே இருந்து வேருக்குக் கீழ எலும்பை நோக்கிப் போயிட்டு இருக்கும். என் தொழில் பாஷையில சொன்னா, எச்சரிக்கை மெயில் வர்றது நின்னதும் சர்வர் சரியாச்சுன்னு நினைச்சோம், சர்வரே செத்துப் போனதாலதான் மெயில் நின்னுச்சு. கிராம்புத் தைலமும் அதே ரகம்தான். கிராம்புல இருக்குற யூஜினால் நெஜமாவே மரத்துப் போக வைக்கும், பல் டாக்டர்களே அதைப் பயன்படுத்துறாங்க. ஆனா அது ஓட்டையை அடைக்காது.

"ஃப்ளோரைடு விஷம், வாட்ஸ்அப்ல வந்துச்சு."

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீர்லயே ஃப்ளோரைடு அதிகம். அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ற குழந்தைகளுக்குப் பல்லுல பழுப்புக் கறை விழும், எலும்பும் கெடும். அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. அது முழுங்குற தண்ணியில வர்ற பிரச்சினை. பேஸ்ட்ல இருக்குறதை நாம துப்பிடறோம், அளவும் கம்மி. 3 வயசுக்குக் கீழ ஒரு அரிசி அளவு, 3ல இருந்து 6 வரைக்கும் ஒரு பட்டாணி அளவு. நம்ம நாட்டுச் சட்டப்படி பேஸ்ட்ல ஃப்ளோரைடு 1000 பிபிஎம்க்கு மேல போகக்கூடாது, எவ்வளவுன்னு டியூப்லயே போட்டிருக்கணும். விளம்பரத்துல காட்டற மாதிரி பிரஷ் முழுக்க அலை அலையா வைக்கிறதுதான் தப்பு. பயந்து போய் மொத்தமா நிறுத்துறதும் தப்பு.

"பல் டாக்டருங்க எல்லாம் கொள்ளையடிக்கிறாங்க."

இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஒளிச்சுப் பேச விரும்பல. ஒரே பல்லுக்கு மூணு எடத்துல மூணு விலை சொல்லுவாங்க. அடைச்சா போதும்ங்கற எடத்துல ரூட் கேனால்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ்லயோ பெரும்பாலான பாலிசிகள் விபத்துல அடிபட்டா மட்டும்தான் பல்லுக்குப் பணம் தரும். என்னமோ பல்லு உடம்புல சேராத மாதிரி. கோவம் வரத்தான் செய்யும். அந்தக் கோவத்துல டாக்டர்கிட்ட போகாமலே இருந்தா நஷ்டம் யாருக்கு? எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்க, சொத்தை எது வரைக்கும் போயிருக்குன்னு விரலை வெச்சுக் காட்டச் சொல்லுங்க. வீக்கமோ ஜுரமோ இல்லைன்னா இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க. சென்னையில 1953ல ஆரம்பிச்ச அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. புதுக்கோட்டையிலயும் 2023ல ஒண்ணு வந்தாச்சு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள்லயும் பேராசிரியர் மேற்பார்வையில மாணவர்கள் பாக்குறாங்க, கிளினிக்கை விடக் கம்மியாத்தான் ஆகும். நேரம் ஆகும், வரிசையில உக்காரணும், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. சொத்தை சின்னதா இருக்கும்போது அடைச்சா ஒரே சிட்டிங். நரம்பு வரைக்கும் போனா ரூட் கேனால், அதாவது செத்த நரம்பை எடுத்து, வேர்க் குழாயைச் சுத்தம் பண்ணி, ரப்பர் மாதிரி ஒரு பொருளால அடைச்சு, மேல கேப் போடணும். அதையும் தள்ளிப் போட்டா புடுங்கணும், அந்த எடத்துல பிரிட்ஜோ இம்ப்ளான்டோ வைக்கணும். ஒவ்வொரு படியிலயும் செலவு பல மடங்கு ஏறும். கொள்ளை கொள்ளைன்னு பயந்து வீட்ல உக்காந்திருக்குறவங்கதான் கடைசில பெரிய பில்லைக் கட்டுறாங்க.

திங்கக்கிழமை

காதுகுத்து முடிஞ்சு திங்கக்கிழமை குழந்தைகளுக்கான பல் டாக்டர்கிட்ட போனோம். சின்ன வயசுப் பொண்ணு. திட்டுவாங்கன்னு எதிர்பாத்தோம், திட்டல. எக்ஸ்ரே எடுத்துக் காட்டினாங்க. வீங்கின பல்லைக் காப்பாத்த முடியாது, எடுக்கணும். எடம் நகராம இருக்க ஒரு வளையமும் கம்பியும் வெச்சு விடணும். வேற ரெண்டு பல்லுக்கு நரம்பு வைத்தியம் பண்ணி ஸ்டீல் கேப். மூணு பல்லுல அடைப்பு. 5 வயசுக் குழந்தைக்கு 6 பல்லு வேலை.

அக்கா அழுதுட்டா. "விழப்போற பல்லுதானேன்னு விட்டுட்டோம் டாக்டர்"னா.

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க"ன்னாங்க. குரல்ல கோவம் இல்ல, அலுப்பு இருந்துச்சு.

ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா? மூணு, நாலு அடைப்போட முடிஞ்சிருக்கும். பயந்த குழந்தைக்கும், ஆரம்பச் சொத்தைக்கும் ஊசி, மெஷின் எதுவும் இல்லாம தடவி விடற ஒரு வெள்ளி மருந்துகூட இப்ப இருக்காம். சில்வர் டைஅமைன் ஃப்ளோரைடுன்னு பேரு, 2021ல உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே சேர்த்திருக்கு. தடவின எடம் கறுப்பாகும், ஆனா சொத்தை பரவறது பெரும்பாலும் நின்னுடும். இதெல்லாம் இருக்குற காலத்துல நாங்க கிராம்புத் தைலத்தை வெச்சுக்கிட்டு வருஷத்தை ஓட்டியிருக்கோம்.

உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல:

1. மொதப் பல்லு முளைச்சதும், ஒரு வயசுக்குள்ள, ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட காட்டுங்க. வலிக்காதப்பவே போனாத்தான் குழந்தைக்கு அந்த நாற்காலி மேல பயம் வராது.

2. 7, 8 வயசு வரைக்கும் நீங்கதான் தேய்ச்சு விடணும். அதுக்கு முன்னாடி அந்தக் கைக்கு அந்தப் பக்குவம் வராது. "அவனே தேய்ச்சுக்குவான்"ங்கறது பெருமை இல்ல, சோம்பேறித்தனம். காலைல விட்டாலும் விடுங்க, ராத்திரி விடாதீங்க. பிரஷ் பண்ணினதுக்கு அப்புறம் தண்ணி மட்டும்தான்.

3. 6 வயசானதும் டார்ச் அடிச்சு கடைசில பாருங்க. புதுக் கடவாய்ப் பல்லு வந்திருந்தா டாக்டர்கிட்ட காட்டி, அதோட பள்ளங்களை மூடற சீலன்ட் வேணுமான்னு கேளுங்க.

4. மிட்டாய், பிஸ்கட் எதுவா இருந்தாலும் சாப்பாட்டோட சேர்த்துக் கொடுங்க. மணிக்கு ஒரு தடவை வேணாம். இது தாத்தா பாட்டிகளுக்கும், முக்கியமா தாய்மாமன்களுக்கும்.

5. "விழப்போற பல்லுதானே", "பூச்சிப் பல்லு வந்திருச்சு, பேசாம இருந்தா போயிடும்" - இந்த ரெண்டையும் குழந்தை காதுல விழற மாதிரி சொல்லாதீங்க. ஏன்னா அதுங்க நம்பிடும். நான் நம்பினேன். பத்தாவது வரைக்கும் கண்ணாடி பாத்துக்கிட்டு இருந்தேன்.

நேத்து வீடியோ கால்ல பேசினேன். வாயைப் பெருசா தொறந்து ரெண்டு ஸ்டீல் கேப்பையும் காட்டி, "மாமா, எனக்கு வெள்ளிப் பல்லு"ன்னா. அடுத்த தடவை வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்னு கேட்டேன்.

"சாக்லேட்"னா.

சனிக்கிழமை மட்டும்னு பேசி முடிச்சிருக்கேன். எத்தனை சனிக்கிழமை தாங்குதுன்னு பாப்போம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு வைத்தியம் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. பதிவே அதுக்குத்தான்.

பி.கு: "உனக்கு ஏன்யா இந்த வேலை, மொக்கையே போடு"ன்னு பின்னூட்டம் போட நினைக்கிற நண்பர்கள், போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டுக் குழந்தையோட வாயை டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வந்து போடவும். காத்திருக்கேன்.